பனிக்கட்டியில் வந்த சாட்சியம்

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஈரக் கோடு ஒன்று நீண்டு கிடந்தது. வாயிற்படியில் தொடங்கி, மருந்துக்கு நின்ற வரிசையைச் சுற்றிக்கொண்டு, திசுப் பரிசோதனைக் கூடத்தின் கதவருகே அது முடிந்தது. அங்கே ஒரு மூங்கில் கூடையை மடியில் அணைத்தபடி தேசப்பன் குந்தியிருந்தார். கூடையின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அருகிலிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகி நின்றார்கள். இறால் வாடை.

காவலாளி இரண்டு முறை எழுப்பிப் பார்த்தாராம். மீன் விற்க இதுவா இடம் என்று அதட்டினாராம். டாக்டரம்மா வந்தால்தான் எழுந்திருப்பேன் என்று தேசப்பன் அசையாமல் இருந்துவிட்டார்.

அந்த டாக்டரம்மா நான்தான்.

கூடைக்குள் மீனும் இல்லை, இறாலும் இல்லை. அன்று காலை அவருடைய மனைவி பூங்காவனத்தின் மார்புக் கட்டியிலிருந்து வெட்டியெடுத்த சதைத் துண்டு ஒன்று, உடைத்த ஐஸுக்கு நடுவில் ஈரத் துணி சுற்றிக் கிடந்தது.

சொற்போர் மேடை அனுபவங்களை எழுத ஒப்புக்கொண்டவள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வந்து நிற்கிறாளே என்று வாசகர்கள் நினைக்கலாம். முப்பது வயதுகூட நிரம்பாதவளுக்கு நினைவுக் குறிப்பு எதற்கு என்று ஒரு வாசகர் கேட்டதையும் நான் மறக்கவில்லை. அவருக்கு என் விடை இதுதான்: நான் பேசிய பேச்சுகளிலேயே உயர்ந்தது எது என்று கேட்டால், கோப்பை வாங்கித் தந்த எதையும் சொல்ல மாட்டேன். அந்தத் தாழ்வாரத்தில், ஈரத் தரையில் குந்தியபடி நான் கேட்ட சில கேள்விகளைத்தான் சொல்வேன்.

ஒரே ஒரு தபா

செங்கல்பட்டுப் பக்கத்தில் நான் பயிற்சி மருத்துவராக இருந்த மருத்துவமனை அது. பெயர் இங்கே வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன், எழுபதுகளின் நடுப்பகுதி என்று சொன்னால் போதும்.

பூங்காவனம் அக்கா முதல்முறை வந்தது ஆடி மாதத்து வெயிலில். மாமல்லபுரத்துக்கும் கோவளத்துக்கும் இடையே உள்ள குப்பமொன்றில் வீடு. கரையில் ஏலம் எடுத்த மீனைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய்த் திருக்கழுக்குன்றத்துத் தெருக்களில் விற்பவர். நாற்பதை நெருங்கும் வயது. உரத்த குரல். அந்தக் குரலை நான் பொறாமையோடுதான் கேட்டேன். ஒலிபெருக்கி இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும்.

பொங்கல் சமயத்தில் எலுமிச்சம்பழம் போல் தென்பட்ட கட்டி, ஆடிக்குள் இளம் தேங்காய் அளவுக்கு வளர்ந்திருந்தது. மேல்தோல் இழுபட்டுப் பளபளத்தது. நீல நரம்புகள் அதன்மேல் ஓடின. வலி இல்லை என்றார். சுமை தூக்கும்போது இடிக்கிறது என்பதுதான் அவருடைய ஒரே புகார்.

எங்கள் தலைமை அறுவை மருத்துவரை நாங்கள் சீஃப் என்று அழைப்போம். அவர் பார்த்தார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னதன் சாரம் இது: இத்தனை வேகமாக வளரும் கட்டி புற்றாகத்தான் இருக்கும். மார்பகம் முழுவதையும், அதன் அடியில் உள்ள தசையையும், அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுக்க வேண்டும். அன்றைய நாளில் அதுவே எங்கும் நடந்த முறை. அந்த அறுவைக்குப் பின் பலருக்குக் கை வீங்கும். தோளுக்கு மேல் தூக்க வராது.

அந்தக் கையைத் தூக்கித்தான் பூங்காவனம் அக்கா கூடையைத் தலையில் ஏற்றுவார், இறக்குவார். அந்தக் கூடையில்தான் அந்த வீட்டு உலை கொதித்தது. தேசப்பனின் கட்டுமரம் எல்லா நாளும் மீனோடு திரும்புவதில்லை.

முதலில் ஒரு சிறு துண்டை வெட்டிச் சோதிப்போம் என்றேன். அக்கா மறுத்தார். விழித்திருக்கும்போது ஆண் மருத்துவர் கத்தி வைக்கக் கூடாதாம். அப்படியானால் பெரிய அறுவையைச் செய்யப்போவதும் ஆண் மருத்துவர்தானே என்று கேட்டேன்.

“மயக்கத்துல எவன் வெட்டுனா எனக்கு இன்னா தெரியப் போவுது? முழிச்சிகினு கீறப்போ கூடாது.”

கடற்கரைச் சாலையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சிறு மருந்தகத்துக்கு வாரம் ஒருநாள் பெண் அறுவை மருத்துவர் ஒருவர் வந்துபோவார். அவரிடம் துண்டெடுக்க ஏற்பாடு செய்தேன். அக்கா ஒரு விரலை நீட்டி என்னை எச்சரித்தார்.

“ஒரே ஒரு தபா. திரும்பி வெட்டணும்னு வந்தன்னா நான் கடலுக்குள்ள போயிடுவேன், பாத்துக்க.”

எலும்பு எந்திரத்தில் எடுத்த படம்

அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்துவிட்டோம். மார்பகத்துக்கென்றே தனி எந்திரங்கள் பெரிய நகரங்களில் வரத் தொடங்கிவிட்டன என்று கேள்விப்பட்டிருந்தோம். எங்களிடம் இருந்ததோ முறிந்த எலும்புக்கும் காசநோய் நெஞ்சுக்கும் படம் எடுத்த பழைய எந்திரம். அதன் விசையைக் குறைத்து, விரல் எலும்புக்குப் பயன்படுத்தும் மெல்லிய ஃபிலிமைத் தாளுறையோடு மார்பின் அடியில் வைத்து, மூச்சை அடக்கச் சொல்லி எடுத்தோம். முதல் படம் கலங்கிவிட்டது. அக்கா மூச்சை அடக்கியபடியே ஏதோ சொல்ல முயன்றதுதான் காரணம்.

இரண்டாவது படம் தெளிவாக வந்தது. மருந்துத் தண்ணீர் சொட்டச் சொட்ட அதை விளக்குப் பெட்டியில் மாட்டினேன். நான் மதுராந்தகத்தில் பிறந்தவள். ஏரி நிறைந்திருக்கும் நாளில் கரைமேல் நின்றால், தண்ணீர் எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்று ஐயமே வராது. அந்தப் படத்தில் கட்டியின் விளிம்பு அப்படி இருந்தது. சற்றே மேடு பள்ளமாக வளைந்து, ஆனால் தெளிவாக முடிந்தது.

வழக்கமான புற்றின் விளிம்பு இப்படி இருப்பதில்லை. அது முள் முள்ளாக நாலாபுறமும் நீளும். சுண்ணாம்புப் பொடியைத் தூவியது போல் நுண்ணிய வெண்புள்ளிகள் பல சமயம் தெரியும். இதில் முள்ளும் இல்லை, பொடியும் இல்லை.

பாடநூலின் ஒரு மூலையில் படித்த ஓர் அரிய கட்டி என் நினைவுக்கு வந்தது. வேகமாக வளரும், பெரிதாகும், பார்ப்பவரை அச்சுறுத்தும். ஆனால் பெரும்பாலும் பரவாது. சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு சேர்த்து முழுதாக எடுத்துவிட்டால் போதும். தசையையும் அக்குளையும் தொட வேண்டியதில்லை. சிலருக்கு மட்டும் அதுவும் கெட்டதாக மாறும்.

படத்தோடு சீஃபிடம் ஓடினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். விளிம்பு அழகாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அழகான விளிம்புள்ள புற்றுகளையும் தான் வெட்டியிருப்பதாகச் சொன்னார். படம் ஓரத்தைக் காட்டும். உள்ளே எந்த வகைச் செல் இருக்கிறது என்பதைத் திசுதான் சொல்ல வேண்டும். திசு பேசினால் கேட்பேன், பேசாவிட்டால் உயிரைக் காக்கும் வழியில் போவேன் என்று முடித்தார். அடுத்த வாரத்துக்கு அறுவை குறிக்கப்பட்டது.

ஆக, எல்லாம் அந்தத் துண்டின்மேல் நின்றது. வெட்டிய துண்டைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் மருந்தில் மூழ்க வைத்துப் புட்டியில் அனுப்புவார்கள். தேசப்பன் பஸ்ஸில் கொண்டு வருவார் என்பது ஏற்பாடு.

குறுக்கு விசாரணை

அவர் கொண்டுவந்தது ஐஸ் கூடை.

கூடத்தின் தலைவி ஞானசுந்தரி மேடம் கதவைத் திறந்தார்; கூடையைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார். மெலிந்த உடல், தடித்த கண்ணாடி, ஒரு சொல்லுக்கு மேல் இரண்டு சொல் பேசாத வழக்கம். மருந்து எங்கே என்றார். தேசப்பன் மடியிலிருந்து காலிப் புட்டியை எடுத்து நீட்டினார். மருந்தகத்துச் சீட்டு அதில் ஒட்டியபடியே இருந்தது. மருந்துதான் இல்லை.

நடந்ததைத் தேசப்பன் சொன்னார். புட்டியின் மூடி பஸ் நிறுத்தத்திலேயே கசியத் தொடங்கியிருக்கிறது. கண் எரிந்திருக்கிறது. நடத்துனர் ஏற்ற மறுத்துவிட்டார். முகர்ந்து பார்த்த தேசப்பனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. பிறந்ததிலிருந்து மீனோடு வாழ்பவர் அவர். நாற்றம் வந்தால் சரக்கு கெடுகிறது என்று பொருள். மனைவியின் சதை கண்ணெதிரே கெடுகிறது என்றே நம்பினார். புட்டியைக் கவிழ்த்தார். மாமல்லபுரத்து விடுதிகளுக்குப் போகும் உயர்ந்த இறாலை எப்படி அனுப்புவார்களோ அப்படியே, அதைவிடக் கவனமாகவே, துண்டை ஐஸில் வைத்துக் கட்டினார். அடுத்த பஸ்ஸில் மீன்காரப் பெண்களுக்கு நடுவில் நின்றபடி வந்து சேர்ந்தார்.

மேடம் என்னை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். அன்றுதான் அவர் நீளமாகப் பேசிக் கேட்டேன்.

“மருந்து இல்லாமல் வெயிலில் வந்திருந்தால் அழுகியிருக்கும். வெறும் ஐஸில் வந்திருந்தால் குளிர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஐஸோடு உப்பையும் கலந்திருந்தால் குளிர் அதிகமாகி உள்ளே உறைந்திருக்கும். உறைந்தால் செல்லுக்குள் ஊசி ஊசியாகப் பனி விளைந்து எல்லாம் கிழிந்துபோகும். மெழுகில் வைத்து மெனக்கெட்டு அறுத்து, கிழிந்த கந்தலைப் பார்க்க நான் விரும்பவில்லை. உப்புப் போட்டாரா என்று கேட்டுக்கொண்டு வா. உண்மையைக் கேட்டுக்கொண்டு வா.”

கடைசி வாக்கியம்தான் கடினமானது. பயந்த மனிதன், கேட்பவர் எதை விரும்புகிறாரோ அதைச் சொல்வான். உப்புப் போட்டீரா என்று அதட்டினால் இல்லை என்பார். போட்டிருந்தாலும் இல்லை என்பார்.

இங்கேதான் மேடை எனக்குக் கைகொடுத்தது. சொற்போரில் எந்த அணி என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். பேசுவதற்குச் சற்று முன்புதான் தெரியும். அதனால் இரு பக்கத்துக்கும் ஆயத்தமாகப் போக வேண்டும். எதிரணியிடம் கேள்வி கேட்கும் கலையை நான் அங்கே கற்றேன். ஏன் செய்தாய் என்று கேட்டால் எவரும் தற்காப்பில் இறங்குவார். எப்படிச் செய்தாய் என்று கேட்டால் தம் வேலையைப் பெருமையோடு விவரிப்பார். மாவட்ட மேடைகளில் இந்த ஒரு நுணுக்கத்தால் நான் சாய்த்தவர்களின் பட்டியலை அடக்கம் கருதி இங்கே தவிர்க்கிறேன்.

தேசப்பனுக்கு எதிரே தரையில் குந்தினேன். நல்ல காரியம் செய்தீர்கள் என்று தொடங்கவில்லை. தவறு செய்தீர்கள் என்றும் தொடங்கவில்லை.

“அண்ணே, புட்டியக் கவுத்தப்புறம் என்ன பண்ணீங்க? வரிசையா சொல்லுங்க. எனக்கு அந்த வேலை தெரியாது.”

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

“கடல் தண்ணில ஒரு அலசு அலசுனேன். அந்த நாத்தம் போவணுமில்ல. அப்பால அவ பொடவத் துணி, தோச்சது, அத நனைச்சி சுத்துனேன். கீய ஐசு, மேல ஐசு, நடுவுல இது. சாக்கு போட்டு மூடுனேன்.”

“ஐஸ் எப்படி? கட்டியா, தூளா?”

“தூளுதான். கட்டி வெச்சா நசுங்கிப் போவும்.”

“வழியில கரையாம இருக்க என்ன போடுவீங்க?”

உப்பு என்ற சொல்லை அதுவரை நான் உச்சரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

“உமி போடுவாங்க சில பேரு. எங்கிட்ட இல்ல. சாக்குதான்.”

“உப்பு?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியாத பெண்ணிடம் பேசும் பொறுமை அந்தப் பார்வையில் இருந்தது.

“உப்பு போட்டா அது கருவாட்டு வேல. ஐசுல உப்பக் கொட்டுனா எறா வெறைச்சிகினு கட்டையாப் பூடும், அப்பால ஆக்கித் தின்னா சக்க மாரி கீது. நல்ல சரக்குக்கு எவனும் கொட்ட மாட்டான்.”

“இதுக்குப் போடலையே?”

“இன்னாமா பேசற? எம் பொண்டாட்டி சதை அது. அதுல உப்பு வெப்பனா?”

அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை. உள்ளே போனேன். உப்பு இல்லை மேடம் என்றேன். எப்படி அவ்வளவு உறுதி என்றார். கேட்ட கேள்விகளையும் வந்த விடைகளையும் அப்படியே ஒப்பித்தேன். அவர் கையுறையை மாட்டிக்கொண்டு துணியைப் பிரித்தார். விரலால் அழுத்தினார். துண்டு உறையவில்லை; கொழகொழத்தும் போகவில்லை. ரப்பர் போல் எதிர்த்தது. அன்று காலை கசிவதற்கு முன்பே மருந்து சிறிது வேலை செய்திருக்கிறது. மிச்ச வேலையைக் குளிர் செய்திருக்கிறது. புதிய ஃபார்மலினில் அதை நழுவவிட்டு, சில நாள் பொறு என்று சொல்லிக் கதவைக் காட்டினார்.

தேசப்பனிடம் புட்டி மருந்தைப் பற்றி விளக்கிச் சொன்னேன். கெடாமல் காக்கத்தான் அந்த நாற்றம் என்றதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்த கணமே, அப்படியென்றால் மூடியை ஒழுங்காகப் போட்டிருக்க வேண்டியதுதானே என்று கேட்டார். நியாயமான கேள்வி.

எதிரணிக்கும் நியாயம்

காத்திருந்த நாள்களில் துண்டு தன் பயணத்தைத் தொடர்ந்தது. சாராயத்தில் நீர் வற்றி, மெழுகு ஏறி, கட்டியாகி, சவரக் கத்தியினும் கூரிய கத்தியில் வெங்காயத் தோலினும் மெல்லியதாகச் சீவப்பட்டு, கண்ணாடித் தகட்டில் படிந்து, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற வேண்டும். இதில் எதையும் அவசரப்படுத்த முடியாது. அவசரம் என் குணம். அந்தக் கூடத்தின் வாசலை நான் எத்தனை முறை கடந்தேன் என்று மேடம் பின்னாளில் கேலி செய்தார்.

முதல் தகடு கைவிட்டது. துண்டின் ஓரத்திலிருந்து சீவியது அது. கடல் நீர் பட்ட பக்கம். செல்கள் சுருங்கி, சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்து, எதையும் எதிலிருந்தும் பிரித்துப் பார்க்க இயலவில்லை. மேடம் தகட்டைத் தள்ளி வைத்தார். மெழுகுக் கட்டியை இன்னும் ஆழமாகச் சீவச் சொன்னார். துண்டின் நடுவிலிருந்து வேறு இரண்டு மெழுகுக் கட்டிகளும் செய்தார். அன்று மாலை நான் சாப்பிடவில்லை. அறுவைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

மறுநாள் நோயாளிகளைப் பற்றிய வாராந்திரக் கூட்டம். சீஃப் முதலில் பேசினார். அவரை நான் எதிர்த்துப் பேசினேன் என்பதனால் அவரைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எதிரணியின் வாதத்தை எதிரணியைவிட நன்றாக எடுத்துச் சொல்வது என் வழக்கம். அவர் சொன்னார்: கட்டி சில மாதங்களில் பல மடங்கு வளர்ந்திருக்கிறது. இந்தப் பெண் ஒருமுறைதான் மேசைக்கு வருவாள். சிறியதாகச் செய்து மீண்டும் வளர்ந்தால் அவள் திரும்பி வரமாட்டாள், கரையிலேயே செத்துப்போவாள். அப்படிப் போனவர்களை அவர் பெயரோடு நினைவு வைத்திருந்தார். சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது.

நான் எழுந்தேன். மேடையில் எழுந்த அதே நிமிர்வோடுதான் எழுந்தேன். கட்டிக்கு மேலுள்ள தோல் இழுபட்டிருக்கிறதே தவிர ஒட்டவில்லை, விரலால் நகர்த்தலாம் என்றேன். கட்டி அடியிலுள்ள தசையோடும் பிணையவில்லை. அக்குளில் நெறிக்கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. எடை குறையவில்லை. படத்தின் விளிம்பு தெளிவாக இருக்கிறது. இத்தனையும் ஒரே திசையைக் காட்டும்போது, அரிய கட்டி என்பதற்காக அதை எண்ணாமலே விடலாமா என்று கேட்டேன்.

“ஒரு கையின் வசதிக்காக ஓர் உயிரைப் பந்தயம் வைக்கச் சொல்கிறாயா?” என்றார் சீஃப்.

“பந்தயமே வேண்டாம் என்றுதான் சார், தகட்டுக்குக் காத்திருக்கிறேன்.”

திசு பேச வேண்டும் என்ற ஒன்றைத்தான் இருவருமே வேண்டி நின்றோம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

கூட்டம் கலைவதற்குள் ஞானசுந்தரி மேடம் வாசலில் வந்து நின்றார். கையில் தகடுகள் அடுக்கிய மரப்பலகை. “வந்து பாருங்கள்” என்றார், சீஃபைப் பார்த்து.

இலைகள்

அந்த நுண்ணோக்கியில் முதலில் சீஃப் குனிந்தார். பிறகு நான்.

ஊதாப் புள்ளிகள் நிறைந்த இளஞ்சிவப்பு வெளி. அதற்குள் நீண்ட, வளைந்த வெள்ளைப் பிளவுகள். ஒவ்வொரு பிளவுக்குள்ளும் திசு மடிந்து மடிந்து நீட்டிக்கொண்டிருந்தது. காம்பு உண்டு, அகன்ற நடு உண்டு, வட்டமான நுனி உண்டு. ஓரத்தில் ஒழுங்காக ஒரு வரிசைச் செல்கள். முட்டைக்கோசைக் குறுக்கே வெட்டினால் இலை மேல் இலையாகத் தெரியுமே, அப்படி. நூலில் அச்சடித்த கறுப்பு வெள்ளைப் படமாக மட்டும் நான் அறிந்திருந்த அந்த அரிய கட்டி, நிறத்தோடு என் கண்ணெதிரே இருந்தது.

மேடம் அத்தோடு நிற்கவில்லை. இந்த வகையிலும் கெட்டது உண்டு. இலைகளுக்கு நடுவேயுள்ள திசுவில் செல்கள் நெருக்கியடித்து, ஓயாமல் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தால் கவலைப்பட வேண்டும். காலையிலிருந்து தகட்டை அங்குலம் அங்குலமாக நகர்த்தி அவர் அதைத்தான் தேடியிருந்தார். பிரியும் செல்கள் மிகக் குறைவு என்றார். கட்டி முழுதாகக் கைக்கு வந்து எல்லாப் பக்கமும் பார்த்த பிறகே கடைசிச் சொல் சொல்வேன் என்றும் சேர்த்தார்.

சீஃப் மறுபடியும் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார், தசையைத் தொடமாட்டேன், அக்குளையும் தொடமாட்டேன். கட்டியைச் சுற்றி விரலளவு நல்ல சதையோடு எடுப்பேன். விளிம்பில் எங்கேனும் கட்டியின் வேர் நின்றிருந்தால் மறுபடி வெட்ட வேண்டும், அதற்கு அவள் இணங்க வேண்டும். சில மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டவும் வேண்டும்.

“வரவைக்க வேண்டியது உன் பொறுப்பு. நன்றாகப் பேசுவாயாமே.”

பூங்காவனம் அக்கா கணவரோடு பாயும் தலையணையுமாக வந்து சேர்ந்ததும், கட்டிலருகே நின்று விளக்கத் தொடங்கினேன். முன்னுரை முடிவதற்குள் அவர் கையமர்த்தினார்.

“நல்ல கட்டியா, கெட்ட கட்டியா? அத்த சொல்லு.”

“நல்லதுன்னுதான் தெரியுது. ஆனா முழுசா எடுக்கணும். அரைகுறையா விட்டா திரும்ப வளரும். அப்புறம் நீங்க வந்து வந்து காட்டணும்.”

“கை?”

“கையத் தொடமாட்டாங்க.”

மறுபடி வெட்ட நேர்ந்தால் இணங்குவாரா என்று கேட்டேன். நீ பக்கத்தில் இருப்பாயா என்று கேட்டார். இருப்பேன் என்றேன். சரி என்று தலையசைத்தார். ஒரு தபா என்ற சட்டம் அப்படித் தளர்ந்தது. அதற்காக நான் எந்த அணியிலும் நின்று பேசவில்லை.

பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

“குப்பம் முச்சூடும் சிரிச்சிகினு கீது. எறா கூடையில பொண்டாட்டிய வெச்சி அனுப்ச்சவன்னு.”

“எறா எடுத்துட்டுத்தானே வெச்சேன்” என்றார் தேசப்பன்.

வார்டு முழுவதும் சிரித்தது. வார்டின் கண்டிப்பான நர்ஸ்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சிரித்தார்.

தைத்த பிறகு

அறுவையன்று நான் சீஃபுக்கு எதிரே நின்று உதவினேன். கட்டி சுற்றியுள்ள நல்ல சதையோடு முழுதாக வந்தது. தட்டில் வைத்தபோது கனத்தது. அடியில் மார்புத் தசை சிவந்து, சிதையாமல், தன் இடத்தில் கிடந்தது. சீஃப் அதை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, தைக்க ஊசி கேட்டார்.

ஞானசுந்தரி மேடம் கட்டியின் வெளிப்பரப்பு முழுவதும் மை பூசினார். பிறகு துண்டு துண்டாக அறுத்து, மை பூசிய ஓரம் வரை கட்டி எட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். எட்டவில்லை. எல்லாப் பக்கமும் நல்ல சதை இருந்தது. அன்று அவர் என்னிடம் ஒரே சொல்தான் சொன்னார்: “தெளிவு.”

இனி அது வரவே வராது என்று நான் உறுதி கூறவில்லை. இந்த வகைக் கட்டி சிலருக்குத் திரும்பவும் தலைகாட்டும். அக்கா அதன்பின் தவறாமல் வந்து காட்டினார் என்பதையும், நான் அந்த மருத்துவமனையை விட்டு வரும்வரை தடவிப் பார்த்த இடமெல்லாம் மெத்தென்றே இருந்தது என்பதையும் மட்டும் சொல்வேன்.

அறுவைக்குப் பிறகு சில நாள் கழித்து ஒரு காலையில் வார்டுக்குப் போனேன். கட்டுப் பிரிக்கும் நேரம். பூங்காவனம் அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தார். தலைமயிர் அவிழ்ந்து முதுகில் கிடந்தது. பக்கத்துக் கட்டில்காரர் கூந்தலை முடிந்துவிட வந்தபோது வேண்டாம் என்று விலக்கினார்.

இடக்கை எளிதாக மேலே போனது. கட்டி இருந்த பக்கத்து வலக்கை மெல்ல எழுந்தது. தோள்வரை வந்து நின்றது. அவர் பல்லைக் கடித்தார். நான் ஓரடி முன்னே வைத்தேன். அவர் பார்வையாலேயே என்னை நிறுத்தினார். கை மறுபடி நகர்ந்தது. காதைக் கடந்தது. பின்னந்தலையை எட்டியது. இரண்டு கைகளும் அங்கே சந்தித்தன. மயிரைத் திரட்டி, முறுக்கி, கொண்டையாக்கிச் செருகின. நெற்றியில் வியர்வை பூத்திருந்தது.

ரொம்ப வலிக்கிறதா அக்கா என்று கேட்டேன்.

“வலிக்கிதுதான்” என்றார், கொண்டையை ஒருமுறை தட்டிப் பார்த்தபடி. “என் கைதானே வலிக்கிது.”